படத்துக்குக் கீழே யார் பெயர்?

கோத்தகிரியில் கண்காட்சி என்று சொன்னால் யாருக்கும் ஓவியம் நினைவுக்கு வராது. நேரு பூங்காவில் காய்கறிகளை அடுக்கிச் செய்யும் உருவங்கள்தான் வரும். குன்னூர்க்காரர்களுக்கு அது சிம்ஸ் பூங்காவின் பழங்கள், ஊட்டிக்காரர்களுக்கு மலர்கள். சீசன் முடிந்தால் கண்காட்சியும் முடிந்தது. இப்படிப்பட்ட மலையில் ஒருவர் பழைய பங்களாவின் இரண்டு அறைகளுக்கு வெள்ளையடித்து, விளக்குப் பொருத்தி, 'சமகாலக் கலைக்கூடம்' என்று பலகை மாட்டினால், எட்டிப் பார்ப்பவர் முதலில் கேட்பது "டிக்கெட் எவ்வளவு?" என்றுதான் இருக்கும்.

கேலரிகளுக்குப் பெரும்பாலும் டிக்கெட் கிடையாது. இதைச் சொன்னதும் "அப்ப எப்படி நடத்துறாங்க?" என்று அடுத்த கேள்வி வரும். நியாயமான கேள்வி, அதற்குப் பிறகு வருகிறேன். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது பலகையில் இருக்கும் 'சமகாலம்' என்ற சொல். யாருடைய காலம் அது?

சில வருடங்களுக்கு முன் குன்னூர்ப் பக்கம் ஒரு தங்கும் விடுதியின் வரவேற்பறையில் உறவினர் ஒருவருக்காகக் காத்திருந்தேன். சுவரில் ஒரு படம். பழுப்புக் கோடுகளில் ஒரு பாறை, அதிலிருந்து தொங்கும் கொடிக்கயிறு, கயிற்றில் ஒருவன், மேலே அதைப் பிடித்துக்கொண்டு இன்னொருவன், சுற்றிலும் புள்ளி புள்ளியாகத் தேனீக்கள். அடியில் பித்தளைத் தகட்டில் 'பழங்குடி ஓவியம், நீலகிரி' என்று இருந்தது. அதற்குப் பக்கத்தில் வெள்ளைக்காரர் ஒருவர் எடுத்த பழைய புகைப்படம். அதில் எடுத்தவர் பெயரும் ஆண்டும் இருந்தன. மேசையில் இருந்த பையனிடம் "இதை வரைஞ்சது யாருப்பா?" என்றேன். "ஆதிவாசிங்க வரைஞ்சது சார்." "எந்த ஆதிவாசி?" பையன் சிரித்தான். அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தகட்டில் இருந்ததைத்தான் அவன் சொன்னான்.

ஒரு படம் மூன்று இடங்களுக்குப் போகலாம். அருங்காட்சியகத்துக்குப் போனால் அடியில் இருக்கும் சீட்டில் சமூகத்தின் பெயர், சேகரித்த இடம், சில சமயம் சேகரித்த அதிகாரியின் பெயர் இருக்கும். கைவினைக் கடைக்குப் போனால் விலை ஒட்டியிருக்கும். கேலரிக்குப் போனால் வரைந்தவர் பெயர், படத்தின் தலைப்பு, ஆண்டு, எதன்மேல் எதைக்கொண்டு வரைந்தது, அளவு என்று எழுதியிருப்பார்கள். படம் ஒன்றே, சீட்டுதான் மாறுகிறது. ஒரு கேலரியின் நோக்கம், விழுமியம் என்றெல்லாம் கையேட்டில் அச்சடித்திருப்பதை நான் அதிகம் படிப்பதில்லை. இந்தச் சீட்டைத்தான் முதலில் குனிந்து பார்ப்பேன்.

நீலகிரியில் சீட்டே இல்லாத படங்களின் வரலாறு நீளமானது. கோத்தகிரியை அடுத்த வெள்ளரிக்கொம்பையில் ஒரு பாறை ஓவியத் தளம் இருக்கிறது. எழுத்துப்பாறை என்று அழைப்பார்கள். அங்கே வாழும் ஆலு குறும்பர் என்ற பழங்குடியினர் அதைத் தங்கள் முன்னோர் எழுதியது என்று சொல்கிறார்கள். 'வரைந்தது' என்று சொல்லாமல் 'எழுதியது' என்று சொல்வது கவனிக்க வேண்டிய விஷயம். தமிழில் ஓவியத்துக்கு உரிய பழைய வினை அதுதான். ஓவியம் எழுதினார்கள், கண்ணுக்கு மை எழுதினார்கள், தோளில் தொய்யில் எழுதினார்கள். சமவெளியில் நாம் அந்தச் சொல்லைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டோம். மலையில் அது பாறையின் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கீழ்க்கோத்தகிரிச் சரிவில் கரிக்கையூர்ப் பக்கம் பொறிவரை என்ற இன்னொரு தளம் உண்டு. தென்னிந்தியாவின் பெரிய பாறை ஓவியத் தளங்களில் அது ஒன்று. மாடுகள், மனிதர்கள், வேட்டை என்று நூற்றுக்கணக்கான உருவங்கள். எழுதியவர்கள் ஒருவர்கூடப் பெயர் போடவில்லை. மலையேற்றம் என்று வந்தவர்கள் போட்டுவிட்டுப் போனார்கள், இதயப்படமும் அம்பும் சேர்த்து. பல உருவங்கள் அந்தக் கிறுக்கல்களுக்குக் கீழே போய்விட்டன. நீலகிரிக் கலையில் பெயர் போடும் வழக்கம் இப்படியா ஆரம்பிக்க வேண்டும் என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

இறந்தவர்களுக்காக அந்தக் காலத்தில் எழுப்பிய மலையின் கல்வட்டங்களுக்குள் கிடைத்த மண்பாண்டங்கள் கதையும் இதுதான். மூடிமேல் எருமை, சிறுத்தை, குதிரைமேல் ஆள் என்று சின்னச் சின்ன உருவங்கள் வைத்த தாழிகள் அவை. நீலகிரியின் முதல் கமிஷனராக இருந்த பிரீக்ஸ் பல கல்வட்டங்களைத் தோண்டினார். அவர் எழுதிய புத்தகம் 1873-இல் வெளிவந்தது. இந்த மலைத் தாழிகள் இன்று எழும்பூர் அருங்காட்சியகத்திலும் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. தோண்டியவர் பெயர் தெரிகிறது. வனைந்த கை தெரியவில்லை. மூவாயிரம் வருடங்களோ இரண்டாயிரமோ ஆன பொருளுக்கு அது சரி, வேறு வழியில்லை. ஆனால் அதே வழக்கத்தை 2020களில் வரைந்த படத்துக்கும் நீட்டுவதற்கு எந்தக் காரணமும் இல்லை.

கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் மேலே வந்த பிறகு இங்கே இன்னொரு வகைப் படம் பிறந்தது. அது மலைக்காட்சி. ராணுவத்தில் இருந்தவர்கள் பொழுதுபோக்காக வரைந்ததை லண்டனில் அச்சிட்டு விற்றார்கள். கேப்டன் ரிச்சர்ட் பாரன் வெளியிட்ட நீலகிரிக் காட்சிகள் 1837-ஐச் சேர்ந்தவை. அந்தப் படங்களில் மலைவாசிகள் இருப்பார்கள், மரத்துக்கும் ஏரிக்கும் அளவு காட்டும் பொம்மைகள் மாதிரி. இன்றும் ஊட்டி, குன்னூர் விடுதிகளில் இந்த அச்சுகளின் நகல்கள்தான் அதிகம் தொங்குகின்றன. மலையைப் பற்றிய படம் என்றால் வெளியிலிருந்து வந்தவர் பார்த்தது என்ற எண்ணம் இருநூறு வருடப் பழக்கம்.

இனி அந்தத் தேன் படத்துக்கு வருவோம். ஆலு குறும்பர்களின் சுவரோவியம் வீட்டுச் சுவரிலும் கோயில் சுவரிலும் எழுதுவது. மண்சுவரை மெழுகி, அதன்மேல் செம்மண், போதிமண் என்ற வெள்ளை மண், கரி, காட்டவரை இலைச்சாறு ஆகியவற்றால் வரைவார்கள். சிவப்பு, வெள்ளை, கறுப்பு, பச்சை, அவ்வளவுதான் நிறம். வேங்கை மரத்தைக் கீறினால் வடியும் சிவந்த பிசினும் இப்போது நிறையப் பயன்படுகிறது. படங்களின் பழுப்பு பெரும்பாலும் அதுதான். உருவங்களுக்கு முகம் இருக்காது. உடம்பின் வளைவை வைத்தே ஆடுகிறானா, குழல் ஊதுகிறானா, கயிற்றில் இறங்குகிறானா என்று கண்டுபிடித்துவிடலாம். வழக்கப்படி இதை எழுதும் உரிமை ஊரின் பூசாரிக் குடும்பத்து ஆண்களுக்கு. வாசல், சன்னல் ஓரங்களில் கோலம்போல வரும் கரைகள் பெண்களின் வேலை.

சுவர் காகிதமானது அண்மைக் காலத்தில்தான். சென்னையின் சி.பி. ராமசாமி ஐயர் அறக்கட்டளை கோத்தகிரிப் பகுதியில் குறும்ப ஓவியர்களுக்குக் கைக்காகிதமும் வண்ணமும் கொடுத்துப் பயிற்சி நடத்தியது. அதற்குப் பிறகு படங்கள் மலையை விட்டு இறங்க ஆரம்பித்தன. இது சின்ன மாற்றம் மாதிரித் தெரியும். சுவரில் இருந்தவரை படத்துக்கு விலை கிடையாது, யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது, மழையில் கரைந்தால் மறுபடி மெழுகி மறுபடி எழுதிக்கொள்ளலாம். காகிதத்துக்கு வந்ததும் விலை வந்தது, ஓரம் வந்தது, கையெழுத்துப் போட ஒரு மூலை வந்தது. பெண்களும் முழுப்படம் வரைய ஆரம்பித்தார்கள். சுவரில் ஆண்களுக்கு இருந்த உரிமை காகிதத்தில் யாருக்கும் எழுதிவைக்கப்படவில்லையே.

இப்படி வரைபவரை என்னவென்று அழைப்பது? இன்று வாழ்கிறார், இன்று வரைகிறார், புதிய பொருள்களோடு மல்லுக்கட்டுகிறார். சமகாலக் கலைஞர் என்பதற்கு இதைவிட நேரான பொருள் எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் அவர் படம் கைவினைக் கடைக்குப் போகிறது, மும்பையிலிருந்து வந்து மூன்று மாதம் தங்கி வரைந்தவரின் படம் கேலரிக்குப் போகிறது.

இந்தப் பிரிவினையை இந்தியாவில் பெரிய அளவில் கேள்வி கேட்ட இடம் போபாலின் பாரத் பவன். 1982-இல் திறக்கப்பட்டது. அதன் கலைப் பிரிவைப் பார்த்துக்கொண்ட ஓவியர் ஜே. சுவாமிநாதன் மாணவர்களை மத்தியப் பிரதேசக் கிராமங்களுக்கு அனுப்பி, அங்கே வரைபவர்களைத் தேடச் சொன்னார். பழங்குடிக் கலைஞர்களின் படைப்புகளையும் நகரத்துக் கலைஞர்களின் படைப்புகளையும் ஒரே கூரையின்கீழ், ஒரே மரியாதையோடு வைத்தார். அப்படி வீட்டுச் சுவரிலிருந்து கண்டெடுக்கப்பட்டவர்தான் பாட்டன்கட் கிராமத்தின் ஜன்கட் சிங் ஷியாம். பர்தான் கோண்டு சமூகத்தவர். அவர் பெயர் படத்தோடு போனது, பாரிஸ் வரை போனது. அவரைப் பின்பற்றியவர்களின் பாணிக்கே அவர் பெயர் வந்தது. ஆனால் 2001-இல் ஜப்பானில் ஓர் அருங்காட்சியகத்தின் அழைப்பில் தங்கி வரைந்துகொண்டிருந்தபோது அங்கேயே இறந்துபோனார். பெயர் கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று சொல்ல வருபவர்கள் அந்தச் சாவை மறந்துவிட முடியாது.

பெயரே ஒரு சிக்கல்தான், இதையும் சொல்லிவிட வேண்டும். ஊர்க் கோயில் சுவரில் எழுதியது ஊருடையது. அதிலிருந்து ஒரு கோட்டை எடுத்துக் காகிதத்தில் போட்டு ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட்டால், கோட்டைக் கற்றுக்கொடுத்த பெரியப்பா எங்கே போனார்? சுவரோரம் கோலமிட்ட அம்மா எங்கே? அதற்காகச் சமூகத்தின் பெயரை மட்டும் போட்டு நிறுத்தினால், விடுதிப் பையன் சொன்ன பதிலுக்கே திரும்பிவிடுவோம். இரண்டையும் எழுதச் சீட்டில் இடம் இருக்கிறது என்பது என் எண்ணம். ஆள் பெயர், ஊர், யாரிடம் கற்றார், எந்த மண், எந்தப் பிசின். நான்கு வரி அதிகமாகும், அவ்வளவுதான்.

தோடர் பூவேலையில் இந்தச் சிக்கலுக்கு வேறொரு தீர்வு கண்டார்கள். வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்பு நூலால் பெண்கள் போடும் இந்தத் தையலுக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது தனி ஆளுக்குக் கிடைக்கும் உரிமை கிடையாது, சமூகம் மொத்தத்துக்கும் பொதுவானது. மெஷினில் அச்சடித்த போலிக்கு எதிராக அது பயன்படும். ஆனால் இந்தச் சால்வையை எந்த மந்தில், அதாவது எந்தத் தோடர் குடியிருப்பில், யார் தைத்தார் என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. துணியில் முன்கூட்டி எதுவும் வரைந்துகொள்வதில்லை. ஊடும் பாவுமாக இழைகளை எண்ணி எண்ணியே தைக்கிறார்கள். பூத்துக்குளி என்ற அந்தச் சால்வை ஒன்று முடியப் பல வாரங்கள் ஆகும். அவ்வளவு எண்ணிக்கை ஒருவர் தலைக்குள் இருக்கிறது.

பூத்துக்குளியை கேலரியில் மாட்டுவதில் இன்னொரு வேடிக்கை. இந்தத் தையலுக்கு இரண்டு பக்கமும் உண்டு. நாம் உள்பக்கம் என்று நினைக்கும், நூல் புடைத்து நிற்கும் பக்கத்தையே தோடர்கள் மேல்பக்கமாகக் கொள்கிறார்கள். சமவெளியிலிருந்து வரும் நல்ல மனதுக்காரர் ஒருவர் வழவழப்பான பக்கம் தெரியும்படி கண்ணாடிக்குள் வைத்து அழகாக ஃபிரேம் போடுவார். சுவரில் தொங்குவது உள்ளாடையைத் திருப்பிப் போட்டது மாதிரி. இறந்தவரைப் போர்த்தவும் இதே துணிதான் என்பது தெரிந்தால், மாட்டும் இடத்தையும் கொஞ்சம் யோசித்திருப்பார். கேலரியின் விழுமியம் என்று நான் சொல்வது இந்த மாதிரி விஷயங்களைத்தான். எந்தப் பக்கம் மேல் என்று தைத்தவரிடம் கேட்டார்களா?

பெயர் இல்லாத பழக்கம் மலைக்கு மட்டும் உரியது என்று நினைத்துவிட வேண்டாம். பரிபாடலின் பத்தொன்பதாம் பாட்டில் திருப்பரங்குன்றத்துக் கோயிலில் ஓர் எழுத்துநிலை மண்டபம் வருகிறது. சுவர் நிறைய ஓவியங்கள். பார்க்க வந்த பெண்கள் 'இவள் யார், இவன் யார்' என்று கேட்கிறார்கள். கூட வந்தவர்கள் இவள் ரதி, இவன் காமன், இது அகலிகை கதை என்று விளக்குகிறார்கள். தமிழில் கேலரியைச் சுற்றிப்பார்க்கும் காட்சி இதைவிடப் பழையது எனக்குத் தெரிந்து இல்லை. பாடிய புலவர் நப்பண்ணனார் என்று ஏட்டில் இருக்கிறது. பாட்டுக்கு இசை வகுத்தவர் பெயர்கூட இருக்கிறது. மண்டபத்தில் அத்தனையும் எழுதிய ஓவியன் பெயர் மட்டும் இல்லை.

சரி, பணம். தனியார் கேலரி பொதுவாக விற்ற விலையில் பங்கு எடுத்துக்கொள்கிறது. மூன்றில் ஒரு பங்கும் உண்டு, சரிபாதியும் உண்டு. கேட்கப் பகல் கொள்ளை மாதிரி இருக்கும். வாடகை, விளக்கு, அச்சு, திறப்பு விழாத் தேநீர், வாங்குபவரைத் தேடிப் பிடிப்பது எல்லாம் அதற்குள் அடக்கம் என்பார்கள். அது உண்மையும்கூட. அறக்கட்டளை நடத்தும் கேலரிக்கு நன்கொடை வரும், கொடுப்பவரின் ரசனையும் கூடவே வரும். அரசுக் கூடத்துக்கு வாடகைக் கவலை இல்லை, பல்பு மாற்றக் கோப்பு நகர வேண்டும்.

நான்காவது வழி, கலைஞர்களே நடத்துவது. தமிழ்நாட்டில் அதற்கு நல்ல உதாரணம் மலையில் இல்லை, கடற்கரையில் இருக்கிறது. சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு இருந்த கலைஞர்களும் 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தைத் தொடங்கினார்கள். படம் விற்றுப் பிழைக்க முடியாது என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் பாட்டிக் துணி போன்ற கைவினைப் பொருள்கள் செய்து விற்றார்கள். அந்த வருமானத்தில்தான் சுமார் 10 ஏக்கர் நிலத்தில் வீடும் வேலையிடமும் எழுந்தன. அங்கே கலைஞர்கள் ஓவியத்தைக் காப்பாற்றக் கைவினை செய்தார்கள். கைவினைக்காரர் என்று யாரும் அவர்களை அழைக்கவில்லை. மலையிலோ ஒருவர் ஓவியமே வரைந்தாலும் கைவினைக்காரர் என்கிறோம். எனக்கு இதில் படிப்பும் சாதியும்தான் தெரிகிறது, கலை தெரியவில்லை.

சட்டத்தைப் பொறுத்தவரை இருவரும் ஒன்றுதான். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு, படத்தை விற்ற பிறகும் அதைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளவும், சிதைத்தால் தட்டிக்கேட்கவும் படைத்தவருக்கு உரிமை தருகிறது. டெல்லி விஞ்ஞான் பவன் சுவரிலிருந்து பெயர்த்துக் கிடங்கில் போடப்பட்ட தன் சுவர்ச் சிற்பத்துக்காக அமர்நாத் சேகல் வழக்குப் போட்டார். 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம் அதைத் திருப்பிக் கொடுக்கவும் 5 லட்ச ரூபாய் இழப்பீடு தரவும் சொன்னது, இந்த உரிமையை வைத்துத்தான். இன்னொன்று 53ஏ பிரிவு. மறுவிற்பனை 10,000 ரூபாய்க்கு மேல் போனால் கலைஞருக்கு அதில் பங்கு உண்டு, 10 சதவீதத்துக்கு மிகாமல். நடைமுறையில் இதைக் கேட்டு வாங்கியவர்கள் குறைவு. வாங்கியவர் யார், எவ்வளவுக்கு விற்றார் என்று எழுதிவைத்தால்தானே கேட்க முடியும்? விற்பனைப் பதிவேட்டில் வரைந்தவர் பெயர் இல்லாவிட்டால் இந்தப் பிரிவு வெறும் காகிதம். வரவேற்பறைப் படம் நாளைக்கு எத்தனை மடங்கு விலைக்குப் போனாலும், தகட்டில் உள்ள 'பழங்குடி' காசோலை வாங்க வர மாட்டார்.

மலைக் கேலரிக்கு இன்னொரு பொறுப்பு உண்டு. ஈரம். சமவெளிக் கேலரிக்காரர்கள் இங்கே வந்து முதல் மழையில் கற்றுக்கொள்ளும் பாடம் இது. என் வீட்டிலேயே ஒரு நீர்வண்ணப் படத்தைக் கண்ணாடி போட்டு வெளிச்சுவரில் மாட்டினேன். ஐப்பசி மழை முடிந்து பார்த்தால் வானத்தில் பழுப்புப் புள்ளிகள். வரைந்தவர் வைத்த பறவை என்று ஒரு விருந்தாளி பாராட்டினார். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நின்றால் காகிதத்தில் பூசணம் பிடிக்கத் தொடங்கும். இங்கே மூடுபனி மாதங்களில் அது சர்வசாதாரணம். வெளிச்சுவரைத் தவிர்ப்பது, ஃபிரேமின் பின்மூலைகளில் தக்கைத் துண்டு ஒட்டிக் காற்றுப்போக இடம் விடுவது, கண்ணாடியில் படம் ஒட்டாமல் நடுவில் அட்டை வைப்பது, இவையெல்லாம் காசு அதிகம் பிடிக்காத வேலைகள். ஈரம் உறிஞ்சும் இயந்திரம் காசு பிடிக்கும், கரண்டும் இருக்க வேண்டும். வெளிச்சத்துக்கும் கணக்கு உண்டு, அதை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். காகிதத்துக்கும் துணிக்கும் 50 லக்ஸ் போதும் என்பது உலக அருங்காட்சியகங்களின் பொது வழக்கம். நம் கல்யாண மண்டபக் கண்ணுக்கு அது இருட்டு.

இலைச்சாறும் பிசினும் எத்தனை வருடம் தாங்கும் என்பது ஒவ்வொரு படத்துக்கும் வேறுபடும். மண்சுவரில் அந்தக் கவலையே இல்லை, அடுத்த விசேஷத்துக்குப் புதிதாக எழுதிவிடலாம். ஒன்றைச் சாகாமல் வைத்திருக்க வேண்டும் என்ற பிடிவாதம் கேலரி கொண்டுவந்தது. கொண்டுவந்தவரே செலவையும் ஏற்க வேண்டும். வரைந்தவர் தலையில் 'நல்ல பெயிண்டாகப் பயன்படுத்து' என்று கட்டிவிடக் கூடாது. அப்படிக் கட்டியதால்தான் பல படங்களில் போதிமண் போய் அக்ரிலிக் வந்துவிட்டது.

அப்புறம் நாள்குறிப்பு. கேலரிகள் புதிய கண்காட்சியை ஏப்ரல், மே மாதங்களில் திறக்க விரும்புகின்றன. ஆட்கள் மேலே வருவது அப்போதுதான். மலைத்தேன் எடுக்கும் காலமும் கோடைதான். விளக்கின்கீழ் தேனெடுப்பவன் தொங்கிக்கொண்டிருக்க, விருந்தினர்கள் கையில் தேநீரோடு "ஆர்ட்டிஸ்ட் வந்திருக்காரா?" என்று தேடுவார்கள். அவர் பாறைக்குப் போயிருக்கலாம். அழைப்பிதழ் அச்சடிக்கும் முன் ஒரு போன் போட்டுக் கேட்டால் தெரிந்துவிடும்.